பின்சுவரில் ஆறுமுகத்தாய்

திருநெல்வேலி டவுண்,
12-10-2025

அன்புள்ள மகள் மதுமதிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு நடமாடுகிறோம். அதை நலம் என்று சொல்லலாம் என்றால் நலம். உன் நலத்தை அம்மா தினமும் மொட்டைமாடியில் நின்று போனில் கேட்டுக்கொள்கிறாள். அவள் இறங்கி வந்ததும் நான் என்ன சொன்னாள் என்று கேட்டால், 'நல்லா இருக்கா' என்று முடித்துவிடுகிறாள். அரை மணி நேரப் பேச்சில் என் பங்கு இரண்டே சொல்.

என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பது தெரியும். முதலில் நீ இருக்கும் புனேயில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு குமரவேல் தன் போனிலிருந்து உனக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, 'மணி அடிக்கத்தான் செய்யுது அண்ணாச்சி, உங்களுக்குத்தான் அடிக்க மாட்டேங்குது' என்றார். அவருக்கு முன்னால் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வந்தேன். ஆகவே கடிதம். தபாலைத் தடுத்து வைக்க இன்னும் வழி வரவில்லை. கிழித்துப் போடலாம். போடுவதாக இருந்தால் படித்துவிட்டுப் போடு.

ஆறுமுகத்தாய் ஆவணியில் இறந்துபோன செய்தி உனக்கு வந்திருக்கும். நெஞ்சுவலி என்று படுத்தவள் ஒரே நாளில் போய்விட்டாள். நம் பின்பக்கத்துச் சந்தான கிணற்று முடுக்கில் இருபத்தாறு வருஷம் தள்ளுவண்டி தள்ளிக் குப்பை அள்ளியவள். நீ வைகாசியில் நம் வீட்டுப் பின்சுவரில் ஏழடி உயரத்துக்கு வரைந்த முகம் அவளுடையது. ஆனியில் நான் சுண்ணாம்பு அடித்து மறைத்த முகமும் அதுதான். உனக்குத் தெரியாததை நான் எழுதவில்லை. எழுதிப் பார்த்தால்தான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிகிறது.

சந்திப் பிள்ளையார் முக்கில் அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அவசரத்துக்கு வேறு படம் கிடைக்காமல் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். ஆதார் படத்தின் லட்சணம் உனக்குத் தெரியும். என்னுடையதைப் பார்த்து, இவரைப் பிடித்துக் கொடுத்தால் சன்மானம் உண்டா என்று கேட்டவள்தானே நீ. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டம். அந்த வழியாக மூன்று நாள் போய்வந்தேன். பேர் எழுதியிருந்ததால்தான் அவள் என்று தெரிந்தது. அவள் வீட்டுக்குத் துட்டி கேட்க, துக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல, நான் போகவில்லை. முட்டுவலி என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் மட்டும் போய்வந்தாள்.

இப்போது அந்த வேலை அவள் மகள் முத்துராணிக்கு வந்திருக்கிறது. அதே முடுக்கு, அதே வண்டி. போன வாரம் பின்கதவைத் திறந்தால், வண்டியை நிறுத்திவிட்டு நம் சுவரையே பார்த்தபடி நிற்கிறாள். என்ன என்று கேட்டேன். 'ஒண்ணுமில்லய்யா. இந்த வெள்ளைக்கு அடியில எங்கம்மை இன்னும் இருக்காளா, இல்ல சொரண்டிப்புட்டு அடிச்சீகளா?' என்றாள். சுரண்டவில்லை, அப்படியே மேலே அடித்ததுதான் என்றேன். 'அப்போ இருப்பா' என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன். அன்றிலிருந்து உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை. பேப்பரை நாலு வரி படிப்பேன், எழுந்து பின்கதவுக்குப் போவேன், திரும்பி வருவேன். உன் அம்மா, 'என்ன, வயிறு சரியில்லையா?' என்று கேட்கிறாள்.

அது போதாது என்று இன்னொன்று. முடுக்கில் சாக்கடையை அகலப்படுத்தப் போகிறார்கள். நேற்று மாநகராட்சியிலிருந்து அளக்க வந்தார்கள். முப்பத்து நான்கு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் கண்முன்னால் அந்தப் பையன்கள் டேப்பைத் தொய்யவிட்டு அளக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நுனியை நானே வாங்கி, இழுத்துப் பிடித்து, அங்குலம் பிசகாமல் சொல்லிக் கொடுத்தேன். எழுதி முடித்து, 'ரொம்ப நன்றி சார்' என்று நம் பின்சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். பிறகுதான் உறைத்தது. என் சுவரை இடிப்பதற்கு நானே அளந்து கொடுத்திருக்கிறேன்.

அளவில் தப்பு இல்லை. பழைய சர்வே படத்தில் முடுக்கு ஒன்பது அடி. இப்போது இருப்பது ஏழரை. மிச்சம் ஒன்றரை அடி உன் தாத்தா சுவரைத் தள்ளிக் கட்டி எடுத்துக்கொண்டது. ஆறுமுகத்தாய் வண்டியைத் திருப்ப முடியாமல் தினமும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் அந்த ஒன்றரை அடிதான். ஊர் முழுக்க ஆக்கிரமிப்பைக் குறித்துக் கொடுத்தவன், இதை மட்டும் குறிக்காமலே ஓய்வு பெற்றேன்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ அந்த முகத்துக்கு என்ன பெயிண்ட் பூசினாய்? மேலே இருக்கும் சுண்ணாம்பை எடுத்தால் அடியில் இருப்பது தாங்குமா? எனக்கு எழுத வேண்டாம். அம்மாவிடம் சொல்.

தீபாவளிக்கு முறுக்கு சுற்றப் போகிறாள். பார்சல் வரும். நல்லெண்ணெய் தேய்த்துக் குளி.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஐயம்பெருமாள்


திருநெல்வேலி டவுண்,
2-11-2025

அன்புள்ள மதிக்கு,

நீ கடிதத்தைப் படித்துவிட்டாய்! தீபாவளிக்கு மறுநாள் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, 'சுண்ணாம்பா, டிஸ்டம்பரான்னு கேக்கா' என்றாள். நான் குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு கேள்வி சந்தோஷம் தரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சுண்ணாம்புதான். ஒரே பூச்சு. அதுவும் கடையில் இருந்ததிலேயே மட்டமானது.

'ஈரச் சாக்கு வச்சுப் பைய எடுக்கணுமாம். தகடு, கரண்டி எதுவும் ஆகாதாம்' என்று நீ சொன்னதையும் அம்மா ஒப்பித்தாள். குறித்துக்கொண்டேன்.

அதற்குள் நான் சும்மா இருக்க முடியாமல் ஒரு காரியம் தொடங்கியிருந்தேன். நீ இந்த ஊரில் ஒரு வருஷம் சுவர் சுவராக வரைந்தாயே, அதில் நம் பின்சுவரைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. வெயிலிலும் மழையிலும் உன் பெயிண்ட் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, காலையில் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். இந்த முடுக்குகளை எல்லாம் நான் சர்வே எண்ணாகத்தான் அறிவேன். எந்த வீட்டுக்கு எது கிழக்கு எல்லை என்று சொல்வேன். சுவரில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

பேட்டையில் பழைய அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு சுவர். உடன்குடிப் பெண்கள் பதநீர் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுக்கும் படம். பாதிப் படத்தை மறைத்து யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். ஒரு பாவாடையை ஓரமாக விலக்கிப் பார்த்தேன். 'எதுக்குவே பொம்பளத் துணியத் தொடுதீரு?' என்று ஒரு குரல். ஆபிதா பீவி என்று ஒரு அம்மாள், கையில் துடைப்பத்தோடு. என் மகள் வரைந்தது என்று ஒருவழியாகச் சொன்னேன். துடைப்பம் கீழே போனது, டீ வந்தது. 'மதிக்கு அத்தாவா? இங்கன பத்து நாள் சோறு தின்ன புள்ளையாச்சே. ஒங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலியே' என்றார். டீ நன்றாக இருந்தது. இருந்தாலும் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

காய்கறிச் சந்தைக்குப் பின்னால் ஸ்ரீவைகுண்டம் அணையும், வாழைத்தார் ஏற்றிய வண்டியும். அந்தச் சுவரின் ஓரத்தில் ஒரு கட்சி தேர்தலுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. வழக்கமாகச் சுவர் முழுக்க வெள்ளை அடித்து, கட்சிப் பேரையும் வருஷத்தையும் எழுதி அடைத்துவிடுவார்கள் அல்லவா? இங்கே உன் படத்தில் ஒரு பொட்டு படாமல், கடைசி இரண்டடியில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்சிக்காரனுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லாமல் போயிற்று.

பாட்டப்பத்தில் சேரன்மகாதேவிக்குப் போகும் முதல் பஸ். ஜன்னல் ஜன்னலாக முகங்கள். மூன்றாவது ஜன்னலில் உன் அம்மா, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு. இன்னொரு சுவரில் படித்துறையில் துணி பிழிகிறாள். வீட்டுக்கு வந்து சொன்னால், 'எனக்குத் தெரியுமே, அவ கூட்டிட்டுப் போய்க் காட்டினா' என்கிறாள். ஆறு சுவரையும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அல்வாக் கடைக்காரர் இருக்கிறார், கண்டக்டர் இருக்கிறார், குமரவேல்கூட ஸ்கூட்டரோடு ஒரு மூலையில் நிற்கிறார். நான் ஒன்றிலும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேடினேன் என்பதைச் சொல்கிறேன்.

இப்போது இதுவே பழக்கமாகிவிட்டது. முடுக்கைக் கண்டால் கால் உள்ளே போகிறது. அசுத்தம் செய்யாமல் இருக்க மூன்று மதத்துச் சாமிகளையும் டைல்ஸ் ஓட்டில் பதித்து வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி சுவரையும் விடுவதில்லை. நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். ஒருவன், 'சாமி கும்பிடுத இடமா இது அண்ணாச்சி?' என்று கேட்டுவிட்டுப் போனான்.

அப்படி அலைந்ததில்தான் மேலப்பாளையம் மீரா முகைதீன் கிடைத்தார். சுவர் விளம்பரம் எழுதுபவர். ஏணியில் நின்று ஒரு சிமெண்ட் மூட்டை வரைந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு என்கூடவே வந்தார். நம் சுவரில் விரலை ஈரமாக்கித் தேய்த்துப் பார்த்தார். 'சுண்ணாம்புதான். கஞ்சத்தனம் பண்ணினதுனால தப்பிச்சீரு அண்ணாச்சி. நல்ல பெயிண்ட் அடிச்சிருந்தீர்னா அந்தம்மா போயிருக்கும்' என்றார். அடியில் இருக்கும் பெயிண்டில் சுண்ணாம்பு ஒட்டாதாம். மழை பெய்தால் தானாகவே கழலுமாம்.

பெய்தது. ஐப்பசி மழை விடாமல் மூன்று நாள். நான்காம் நாள் காலை குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தால், சுவரில் ஒரு கண் திறந்திருக்கிறது. வெள்ளை முழுக்க அப்படியே இருக்க, இடது கண் மட்டும். வெயிலுக்குக் கை மறைத்துப் பார்ப்பது போல வரைந்திருந்தாயே, அந்தக் கண் நேராக நம் கதவைத்தான் பார்க்கிறது. கூடையை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இப்போதெல்லாம் குப்பையை முன்பக்கமாகக் கொண்டுபோய்ச் சுற்றிக்கொண்டு போய்ப் போடுகிறேன்.

முத்துராணியும் பார்த்தாள். அம்மா உன் படத்தின் போட்டோவைப் போனில் காட்டினாளாம். 'பாத்தேன்யா. கட்டவெரல் அளவு இருக்கா. சொவத்துல என்னையவிடப் பெருசால்லா இருந்தா?' என்றாள். நோட்டீஸ் வந்துவிட்டது. டிசம்பர் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை இடிக்கிறார்கள். அதை அவளிடம் சொன்னேன். இடியட்டும், அதற்கு முன்னால் மூன்றாம் தேதி கார்த்திகைக்கு அவள் அம்மை முகத்துக்குக் கீழே ஒரு விளக்கு வைக்க வேண்டும், அது போதும் என்றாள். செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் இருக்கிறது.

நாளையிலிருந்து தொடங்குகிறோம். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். அங்கே குளிர் என்று அம்மா சொன்னாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா


திருநெல்வேலி டவுண்,
23-11-2025

மதி,

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உட்கார்ந்து நிதானமாக எழுத முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தப்பு நடந்துவிட்டது. நீ தகடு ஆகாது என்று சொன்னாய். மீரா முகைதீனும் சொன்னார். இரண்டு வாரமாக ஈரச் சாக்கை வைத்து, காத்திருந்து, பஞ்சால் ஒற்றி, ஒரு நாளைக்கு ஒரு சாண் என்று போய்க்கொண்டிருந்தது. நெற்றி வந்தது. இரண்டு கண்ணும் வந்தது. மூக்குத்தி வந்த அன்று முத்துராணி வேலை முடிந்தும் போகாமல் நின்றாள். நன்றாகத்தான் போயிற்று. புதன்கிழமை காலை மீரா முகைதீன் வரத் தாமதம். தேதி நெருங்குகிறதே என்று எனக்குள் பரபரப்பு. அவர் பையில் இருந்த பட்டி தேய்க்கும் தகட்டை எடுத்து, கன்னத்தில் காய்ந்திருந்த ஒரு திட்டை நெம்பினேன். சுண்ணாம்போடு சேர்ந்து உன் பெயிண்டும் வந்துவிட்டது. வலது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு, உதட்டின் ஓரம் வரை. உள்ளே சிமெண்ட் தெரிகிறது.

மீரா முகைதீன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நீங்களே சரி செய்துவிடுங்கள், நிறம் சேர்க்கத் தெரிந்தவர்தானே என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. 'சிமெண்ட் மூட்டைன்னா நான் வரைவேன் அண்ணாச்சி. ஒருத்தர் பாத்துப் பாத்து வரஞ்ச முகத்துல நான் கை வைக்க மாட்டேன். அந்தச் சிரிப்பு எங்கன முடியுதுன்னு வரஞ்ச புள்ளைக்குத்தான் தெரியும்' என்று சொல்லிவிட்டார்.

முத்துராணி வண்டியோடு வந்தாள். பார்த்தாள். கீழே விழுந்து கிடந்த பெயிண்ட் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் முந்தானையில் போட்டுக்கொண்டாள். குப்பை என்று அள்ளிப் பழகிய கை அது. அந்தச் சில்லுகளை மட்டும் வண்டியில் போடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. ஐந்து மாதமாக உன்னிடம் சொல்லாததை, உன் அம்மாவிடமும் சொல்லாததை, அவளிடம் சொல்லிவிட்டேன். இப்போது உனக்கும் எழுதுகிறேன்.

சுவரில் ஈரம் ஊறுகிறது, அதனால்தான் சுண்ணாம்பு அடித்தேன் என்று அன்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பவில்லை. குப்பை அள்ளுகிறவள் முகம் நம் வீட்டுச் சுவரில் இருப்பது பிடிக்கவில்லை, அதுதானே என்று கத்தினாய். அதுவும் உண்மைதான். ஆனால் நடந்தது அதைவிடக் கேவலம்.

ஆனித் தேரன்று ரத வீதி முழுக்க ஜனம். நீ சிநேகிதிகளோடு வடம் பிடிக்கப் போயிருந்தாய். உன்னைத் தன் மகனுக்குக் கேட்கலாமா என்ற யோசனையில் இருந்த ஸ்ரீவைகுண்டம் ஞானசம்பந்தன், தேர் பார்க்க வந்த கையோடு நம் வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மனைவியோடு வந்தார். முன்வாசலில் நுழைய வழியில்லை. நான்தான் கிணற்று முடுக்கு வழியாக அழைத்து வந்தேன். அவர் உன் படத்தைப் பார்த்து நின்றார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கையையும் கூப்பி, 'உங்க அம்மாவா? என்ன களை! பெத்தவளை இப்படிச் சுவர்ல ஏத்தி வச்சுக் கும்பிடுதீங்களே, பெரிய மனசு அண்ணாச்சி' என்றார்.

நான் 'ஆமா' என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், பத்தடி தள்ளி வண்டியைப் பிடித்தபடி ஆறுமுகத்தாய் நிற்கிறாள். அவர் கும்பிட்டது அவளைத்தான், ஆனால் அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. 'கொஞ்சம் ஒதுங்கும்மா' என்று சொல்லிவிட்டு நம் பின்கதவுக்குள் நுழைந்தார். அவளும் வண்டியைப் பின்னுக்கு இழுத்து ஒதுங்கிக்கொண்டாள்.

மறுநாள் குப்பை எடுக்க வந்தவள், 'ஐயா, ஒங்க அம்மையை எனக்குத் தெரியும்லா. அவுக நல்ல செவப்பு' என்று சொல்லிச் சிரித்தாள். கேலிதான். விஷம் இல்லை. இருபத்தாறு வருஷமாக நம் வீட்டுத் தண்ணீரைப் பின்கதவுப் படியில் வைத்துக் கொடுக்க வாங்கிக் குடித்தவளுக்கு, என்னை ஒரு தடவை கேலி செய்ய உரிமை இல்லையா? நானும் கூடச் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவள் ஊரெல்லாம் சொல்லிவிடுவாள், ஞானசம்பந்தன் காதுக்குப் போய்விடும் என்று பயம். கதவைச் சாத்தினேன். அன்று மத்தியானமே சுண்ணாம்பு வாங்கி வந்தேன். அடிக்கும்போது அவள் முடுக்கு முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கண்ணைத்தான் மறைத்தேன்.

இதையெல்லாம் முத்துராணியிடம் சொல்லி முடித்தேன். அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். 'தெரியும்யா' என்றாள். 'எங்கம்மை அன்னைக்கே வந்து சொன்னா. ஏட்டி, சர்வேயர் ஐயாவுக்கு நான் அம்மையாயிட்டேன்னு எங்க தெரு பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. சுண்ணாம்பு அடிச்சப்புறம்தான் அதைச் சொல்லுதத விட்டுட்டா' என்றாள். நான் பயந்தபடி அவள் சொல்லத்தான் செய்திருக்கிறாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான். இதற்காகவா அத்தனையும்?

பிறகு அவள் கேட்டாள். சத்தம் போடவில்லை. முந்தானையில் இருந்த சில்லுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: 'அம்மைன்னு சொன்னீகள்லா ஐயா. அப்புறம் துட்டிக்கு ஏன் வரல?'

நான்கு நாள் ஆகிறது, மதி. முடுக்கு முடுக்காக நடக்கிறேன், அந்தக் கேள்வியும் கூடவே வருகிறது.

இடிப்பதற்கு எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, ஒன்றரை அடியும் முடுக்குக்குச் சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சுவர் போகட்டும். மூன்றாம் தேதி சாயங்காலம் அவள் விளக்கு வைக்கும்போது அந்தக் கன்னத்தில் சிமெண்ட் தெரியக்கூடாது. அதை உன் கைதான் செய்ய முடியும். ரயிலில் இடம் இல்லை என்றால் பஸ்ஸில் வா. இடிந்த பிறகு, ரத வீதியைப் பார்த்த நம் முன்சுவர் இருக்கிறது. எட்டடிக்கு ஒன்பதரை, அளந்து வைத்திருக்கிறேன். ஆறுமுகத்தாயை அங்கே வரைய உனக்குச் சம்மதமா? கீழே அவள் பேரையும் எழுது. இனி யாரும் யாருடைய அம்மா என்று என்னைக் கேட்க வேண்டாம். முத்துராணியிடம் இதைச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. 'மதியக்கா வந்து கேக்கட்டும், சொல்லுதேன்' என்றாள். அதுதான் நியாயம்.

உன் அம்மாவிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

நீ என்னோடு பேச வேண்டும் என்று கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கு நான் வரவில்லை, குமரவேல் வருவார். வீட்டில் நீ இருக்கும் அறைக்கு நான் வரமாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் செய். பதினாறு கழிந்த பிறகு யாரும் துட்டி கேட்டுப் போவதில்லை. மூன்று மாதம் தாண்டிவிட்டது. நேற்று தனியாகக் கிளம்பி முத்துராணியின் தெருமுனை வரை போனேன். கால் வரவில்லை, திரும்பிவிட்டேன். நீ அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவள். உன்னைக் கண்டால் கதவு திறக்கும். என்னை அங்கே கூட்டிக்கொண்டு போ, மதி. நீ முன்னால் போ. நான் பின்னால் வருகிறேன்.

உன் கைக்கும் கண்ணுக்கும் எந்தக் குறையும் வராமல் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா